இமுகி கடலைக் கடந்த விதம்

“படி.”

“உன் அம்மா அனுப்பும் முள்ளங்கிக் கிம்ச்சியைக் குறை சொல்லாமல் சாப்பிடுவேன்.”

“ம்.”

“சண்டை வந்தால் அன்றைக்கே பேசித் தீர்ப்பேன்.”

“ம். நடுவுல ஒரு வரியைத் தாண்டிட்ட.”

தாக் தேசிக் தன் கையிலிருந்த தாளைத் தூர வைத்துப் பார்த்தான். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எதிரே உட்கார்ந்திருந்த பியோ ஹேரிம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். அந்த நடிப்பு அவளிடம் பலிக்கவில்லை.

“உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தானே டெஸ்ட் பண்ணேன். படி.”

“‘உனக்காகக் கடலைக்…’” தேசிக் நிறுத்திவிட்டான். “ஹேரிம், அது எப்படித்தான் கடந்துச்சு?”

“ஆரம்பிச்சிட்டியா!” என்று அவள் சூப்புக் கரண்டியை மேசையில் வைத்தாள்.

சனிக்கிழமை கல்யாணம். இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் பெரியவர் ஒருவரை மேடையேற்றி அறிவுரை சொல்லச் சொல்வது குறைந்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் தாங்களே உறுதிமொழி எழுதி, மைக்கைப் பிடித்து மாறி மாறிப் படிக்கிறார்கள். இவர்களுடைய உறுதிமொழியின் நடுவில் வரும் அந்த வரி, ‘உப்பறியா நாகம்’ தொடரின் கடைசிப் பகுதியில் கதாநாயகன் சொல்லும் வசனம்: ‘உனக்காகக் கடலைக் கடந்து வந்தேன்.’ அந்தத் தொடரின் ரசிகர் கூட்டத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். ஆகவே அந்த வரி வேண்டும் என்று ஹேரிம் நினைத்ததில் தப்பே இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இமுகி என்பது டிராகன் ஆவதற்காக ஆயிரம் வருடம் குளத்தில் காத்திருக்கும் பெரும்பாம்பு. தொடரில் அது அழகான ஆண் வடிவத்தில் ஊருக்குள் நடமாடும். அதற்கு ஒரே ஒரு விதி. உப்பு நீர் ஒரு சொட்டுப் பட்டாலும் அதன் செதில் கருகிவிடும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஐந்து சீசன் ஓட்டினார்கள், அருமையாகவும் ஓட்டினார்கள். இரண்டாம் சீசனில், கிம்ச்சி ஊறுகாய்க்காக முட்டைகோஸை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த வீட்டு வாசலில் இமுகி மயங்கி விழுந்தது. மூன்றாம் சீசனில் படகில் ஏறி, அலைத் துளி தெறித்து, தோள் வெந்து, சாகக் கிடந்து பிழைத்தது. அதிலிருந்து படகு என்றாலே ஆகாது. நான்காம் சீசனில் கதாநாயகி அழுதபோது, கண்ணீரும் உப்புதானே, நடுவில் ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னது. அன்றைக்கு நாடே அழுதது.

கடைசி சீசன், கடைசிப் பகுதி. கதாநாயகி தூரத்துத் தீவுக்குப் போய்விடுகிறாள். இமுகி கரையில் நிற்கிறது. அடுத்த காட்சி வானத்திலிருந்து. நீலமான கடல், அதன்மேல் ஒரு சின்னப் புள்ளி நடந்து போகிறது. அடுத்த காட்சியில் தீவில் கதவு தட்டப்படுகிறது. ‘உனக்காகக் கடலைக் கடந்து வந்தேன்.’ சுபம்.

“தண்ணி மேல நடக்கத் தெரிஞ்சதுன்னா, அஞ்சு சீசனா ஏன் நடக்கல?” என்றான் தேசிக்.

“அப்ப காதல் முத்தல.”

“காதல் முத்தினா உப்பு போயிடுமா?”

“போயிடும். காதல் இருந்தா போதும்.”

தேசிக்குக்கு இது தாங்காது. அவன் லிஃப்ட் பரிசோதகன். லிஃப்ட் பெட்டி அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால், மேலே சுழலும் ஒரு சக்கரம் அதைக் கண்டுபிடித்து, பெட்டிக்கு அடியில் இருக்கும் பற்களைத் தண்டவாளத்தைக் கவ்வ வைக்கும். பெட்டி நிற்கும். அந்தப் பல் கவ்வாமல் பெட்டி நின்றிருந்தால், ‘அன்பினால் நின்றது’ என்று அறிக்கையில் எழுத முடியுமா?

“நாலே வார்த்தை,” என்றாள் ஹேரிம். “அதைக்கூட என்னை நம்பிச் சொல்ல முடியாதவன், மத்ததை மட்டும் எப்படி நிறைவேத்துவ? வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணு. சொல்ல முடியலைன்னா மண்டபத்துக்கு நானே ஃபோன் பண்ணிடறேன்.”

“என்னன்னு?”

“மாப்பிள்ளைக்கு உப்பு ஆகாதுன்னு.”

அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சூப் ஆறிப்போயிருந்தது.

தேசிக் யோசித்தான். கடந்த விதத்துக்கு ஒரே ஒரு காரணம், விதியை மீறாத ஒரு காரணம் கிடைத்தால் போதும்; அந்த நாலு வார்த்தையைத் தொண்டை கிழியச் சொல்லிவிடுவான். அதைத் தொடரை எடுத்தவர்களிடமே கேட்டால் என்ன? தொலைக்காட்சி நிலையத்தின் நேயர் பக்கத்தில் மரியாதையாக ஒரு கேள்வி போட்டான். ‘தங்கள் அன்புக்கு நன்றி’ என்று உடனே பதில் வந்தது. மனிதர் யாரும் எழுதாத பதில்.

அதனால் ரசிகர் சங்கத்தில் கேட்டான். அவன்தான் சங்கச் செயலாளர்.

அங்கே நிலைமை சரியில்லை. முடிவு பிடிக்காத ரசிகர்கள் வாரக்கணக்காகப் பொருமிக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்ட சின்னக் கேள்வி காய்ந்த வைக்கோலில் விழுந்தது. துணைத் தலைவி மால்சுக் அக்கா உடனே ஃபோனில் வந்தாள். சலவைக்கடை வைத்திருப்பவள். பின்னால் இயந்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“தம்பி, நீ கேட்டதுதான் சரியான கேள்வி. லாரி விடுறோம்.”

“அக்கா, நான் சும்மா தெரிஞ்சுக்கத்தான்…”

“தெரிஞ்சுக்கத்தான் லாரி. வியாழக்கிழமை படக்குழு மொத்தமும் சாங்காம்ல, டி.வி. நிலையத்துல இருக்கும். நன்றி நிகழ்ச்சி ஷூட்டிங். செமத்தியான நாள்.”

லாரி விடுவது பற்றித் தெரியாதவர்களுக்காக: கோபப்பட்ட ரசிகர்கள் இங்கே கொடி பிடித்துத் தெருவில் நிற்பதில்லை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது, குளிரும் அடிக்கிறது. மூன்று பக்கமும் மின்திரை வைத்த ஒரு லாரியை வாடகைக்கு எடுத்து, அதில் தங்கள் குறையைப் பெரிய எழுத்தில் ஓடவிட்டு, நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வரச் செய்கிறார்கள். கோபம் லாரியில் போகும், ரசிகர் அலுவலகம் போவார். இருதரப்புக்கும் வசதி.

தேசிக் எழுதிக் கொடுத்த வாசகம்: ‘இமுகி கடலை எப்படிக் கடந்தது? தயவுசெய்து விளக்கவும்.’ மால்சுக் அக்காவுக்கு அது தபால் மாதிரி இருந்தது. மற்றவர்களும் ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். கடைசியில் வந்தது: ‘கடலைக் கடக்கக் காதல் போதுமா? எப்படிக் கடந்தது? பதில் சொல்!’

அதை அழகாக வடிவமைத்து, சங்கப் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள். கீழே ‘செயலாளர் தாக் தேசிக்’ என்று பெயர் வேறு.

அன்று சாயங்காலம் ஹேரிமிடமிருந்து ஃபோன்.

“நான் உன்கிட்ட மட்டும் சொன்னதை லாரியில ஏத்திட்டியா?”

“எதை?”

“‘காதல் போதும்’னு சொன்னேன். ‘காதல் போதுமா’ன்னு ஊரைக் கூட்டிக் கேக்குற. எங்கம்மா பார்த்துட்டாங்க. உன் மாப்பிள்ளைப் பையன் யாரைக் கேக்குறான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?”

“அது நான் எழுதினதே இல்ல ஹேரிம்…”

“கீழ உன் பேர் இருக்கு. வெள்ளிக்கிழமை வேண்டாம். வியாழக்கிழமையே மண்டபத்துக்கு ஃபோன் பண்றேன்.”

மறுநாள் சோதிக்கப் போன லிஃப்டில் ஏறி இறங்கி தேசிக் யோசித்தான். அடுத்த வைத்தியம் அவனுக்குத் தோன்றியது அப்போதுதான். காபி வண்டி!

இதுவும் ரசிகர்களின் ஏற்பாடு, ஆனால் லாரிக்கு நேர் எதிர். படக்குழுவை வாழ்த்த நினைப்பவர்கள் ஒரு காபி வண்டியை அனுப்புவார்கள். நெற்றியில் வாழ்த்து வாசகம், அனுப்பியவர் பெயர். குழுவில் யார் வந்தாலும் காபி இலவசம். ஹேரிம் பெயரில் ஒரு காபி வண்டி அனுப்பி, தான் தோற்றதாக அதன் பலகையில் எழுதிவிட்டால்? அவள் அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டால்?

சங்கத்துக்காக அவன் லாரிக்குச் சொல்லி வைத்திருந்த கம்பெனியிடமே காபி வண்டியும் இருந்தது. கம்பெனி அம்மாள் கணீரென்ற குரல்காரி.

“ஒரே ஆளு திட்டுறதுக்கு ஒண்ணு, கொஞ்சுறதுக்கு ஒண்ணு கேக்கறது இதான் முதல் தடவை தம்பி. வாசகம் ரெண்டையும் ஒண்ணா அனுப்பிடுங்க.”

தேசிக் அனுப்பினான். ஹேரிம்தான் முக்கியம் என்பதால் அவளுக்கானதை முதலில் எழுதினான்: ‘ஹேரிம், காதல் போதும். நான் ஒத்துக்கொள்கிறேன். – தேசிக்.’ அதன்கீழே லாரிக்கானது. கம்பெனி அம்மாளோ ஒழுங்கான மனுஷி. முதலில் பதிவான வண்டிக்கு முதல் வாசகம், இரண்டாவது பதிவான வண்டிக்கு இரண்டாவது வாசகம் என்று மாட்டிவிட்டாள். முதலில் பதிவானது லாரி.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தேசிக் சாங்காம் போய்ச் சேர்ந்தபோது, தெருமுனையில் அவனுடைய மனம் மூன்று திசையிலும் ஒளிர்ந்தபடி திரும்பிக்கொண்டிருந்தது. ‘ஹேரிம், காதல் போதும். நான் ஒத்துக்கொள்கிறேன். – தேசிக்.’ கம்பெனி அம்மாள் தன் அன்பளிப்பாக ஓரத்தில் துடிக்கும் சிவப்பு இதயம் ஒன்றையும் சேர்த்திருந்தாள்.

அவன் ஓடிப்போய்க் கையைக் காட்டினான். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.

“நிறுத்துங்க! வாசகம் மாறிடுச்சு!”

“நின்னா அபராதம் போட்டுருவான் சார். சுத்திக்கிட்டேதான் இருக்கணும்.”

“அப்ப எழுத்தை அணைங்க!”

“எழுத்து என்கிட்ட இல்ல சார். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு. அவங்க சாப்பிடப் போயிருக்காங்க.” சிக்னல் விழுந்தது. “கல்யாணமா சார்? வாழ்த்துகள்!”

இதயம் துடித்துக்கொண்டே வளைவில் மறைந்தது. தேசிக்கின் ஃபோன் அடித்தது.

“டேய்!” மால்சுக் அக்கா. இவ்வளவு நாள் தம்பி. “சங்கத்துப் பணத்துல காதல் கடிதமா விடுற?”

“அக்கா, வண்டி மாறிடுச்சு…”

“முடிவு பிடிச்சிருந்த எதிர்க்கோஷ்டி கைதட்டுறாங்க! ‘செயலாளரே ஒத்துக்கிட்டார்’னு போடறாங்க! உடனே எழுது. யாரோ விஷமி மாத்திட்டான், எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு. இல்லைன்னா இன்னிக்கே நீ செயலாளர் இல்ல.”

அவன் பதில் சொல்வதற்குள் காபி வண்டி கண்ணில் பட்டது. நிலைய வாசலில் நின்றது. நெற்றியில்: ‘கடலைக் கடக்கக் காதல் போதுமா? எப்படிக் கடந்தது? பதில் சொல்! – அன்புடன், பியோ ஹேரிம்.’

வண்டிக்கு முன்னால் வரிசை. பொதுவாகக் குறை சொல்லி ஓடும் லாரியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஆனால் காபிக்கு வரிசையில் நிற்பவன் எங்கே போவான்? ஐஸ் காபி கைக்கு வரும்வரை கேள்வி தலைக்குமேல் தொங்குகிறது. குடிக்கிறவன் பதில் சொல்லத்தானே வேண்டும் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

“நான் ஒலிங்க,” என்றார் ஒருவர், குவளையை வாங்கிக்கொண்டே. “அலைச் சத்தம் போடச் சொன்னாங்க, போட்டேன்.”

“நான் உடை,” என்றாள் ஒரு பெண். “மேல்சட்டை மட்டும்தான் எங்க பொறுப்பு. காலுக்குக் கீழ எதையும் கேக்காதீங்க.”

“கதையில இருந்திருக்கும். எழுதினவங்களைக் கேளுங்க,” என்றார் மூன்றாமவர்.

“அவங்க எங்க?” என்றான் தேசிக்.

“கடைசிப் பகுதி வந்ததுலேருந்து ஃபோனை எடுக்கறதில்ல.”

“தாக் தேசிக்!”

திரும்பினான். ஹேரிம். கடைக்கான வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

“நான் எப்ப காபி வாங்கிக் கொடுத்தேன்? எங்கம்மாவுக்கு யாரோ படம் அனுப்பியிருக்காங்க. இப்ப நான்தான் ‘காதல் போதுமா’ன்னு கேக்கறேனாம். கல்யாணத்துல எனக்கே சந்தேகமாம்!”

“அது அதுல இல்ல. இது இதுல… ரெண்டு வண்டி ஹேரிம். நான் முதல்ல உனக்குத்தான் எழுதினேன், அதான் வினையே.”

“புரியற மாதிரி சொல்லு.”

சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. லாரி வந்தது. மெதுவாக, ஊர்வலம் போல. ஹேரிம் முதல் பக்கத்தைப் படித்தாள். அது கடந்ததும் பின்பக்கத்தையும் படித்தாள். ஒன்றேதான் என்றாலும் படித்தாள். லாரி போய்விட்டது.

“நீ எழுதினதா?”

“ஆமா. ஆனா காபி வண்டிக்கு.”

“மனசார எழுதினியா, இல்ல எங்கம்மாவுக்காக எழுதினியா?”

தேசிக் வாயைத் திறந்தான். ஃபோன் அடித்தது. மால்சுக் அக்கா. அவன் காதில் வைக்காமலே அவள் குரல் கேட்டது.

“எழுதிட்டியாடா? விஷமின்னு எழுதிட்டியா?”

தெருவில் குளிர்காற்று. வரிசையில் நின்ற படக்குழு மொத்தமும் ஐஸ் காபியை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஹேரிம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் மூக்கின் நுனி சிவந்திருந்தது. அழப்போகும்போது மட்டும் அது சிவக்கும் என்பது தேசிக்குக்குத் தெரியும்.

“விஷமி யாரும் இல்லக்கா,” என்றான் ஃபோனில். “நான்தான் எழுதினேன். செயலாளர் வேலையை வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

வைத்துவிட்டான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து உறுதிமொழித் தாளை எடுத்தான். தாளைத் தூர வைக்கவில்லை, பக்கத்தில் வைக்கவும் இல்லை.

“ஹேரிம், அது எப்படிக் கடந்துச்சுன்னு எனக்குத் தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல. ராத்திரி படுத்தா அந்தப் புள்ளி கண்ணுக்குள்ள நடக்கும், அது என் தலையெழுத்து. ஆனா சனிக்கிழமை நீ இல்லாம அந்த மேடையில நான் என்ன பண்ணுவேன்?” தொண்டையைச் செருமினான். “உனக்காகக் கடலைக் கடந்து வந்தேன்.”

“சத்தமா,” என்றாள் ஹேரிம்.

“உனக்காகக் கடலைக் கடந்து வந்தேன்!”

வரிசை கைதட்டியது. ஒலிக்காரர் விசிலடித்தார். வளைவில் திரும்பி வந்த லாரி ஓட்டுநரும் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். ஹேரிம் அழுதுகொண்டே சிரித்து, வெள்ளை அங்கியின் கையால் மூக்கைத் துடைத்தாள். மண்டபத்துக்கு ஃபோன் செய்யும் பேச்சை அதற்குப்பிறகு அவள் எடுக்கவே இல்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது, வண்டியோரம் இரண்டாவது குவளையோடு நின்ற உயரமான ஆள் ஒருவர் மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் சிரிக்கறீங்க?” என்றான் தேசிக்.

“இல்ல, இவ்வளவு கஷ்டப்பட்டு யாரும் அதைச் சொல்லி நான் பார்த்ததில்ல. நான் டூப்பு சார். தூரத்துல வர்ற இமுகி எல்லாம் நான்தான். முகம் காட்டற காட்சியில மட்டும் அவர் வருவார்.”

தேசிக் அவர் பக்கத்தில் போனான். “அப்ப… கடல் மேல நடந்தது?”

“நான்தான்.”

“கடல் மேல எப்படி சார் நடந்தீங்க?”

“கடல் மேல யார் நடந்தா? தரையில நடந்தேன். மேற்குக் கடல்தானே, நாளுக்கு ரெண்டு தடவை தண்ணி வத்திடும்ல. தீவு வரைக்கும் வெறும் சேறு. தண்ணி வத்தறதுக்காக இமுகி கரையில உக்காந்து ஆறு மணி நேரம் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி காட்சிகூட எடுத்தோம்.”

“காத்துக்கிட்டு இருந்துச்சா!” ஹேரிம் தேசிக்கின் கையைக் கிள்ளினாள். “காதல்! நான் சொல்லல?”

“இரு, இரு,” என்றான் தேசிக். அவன் கண் பளபளத்தது. “சேறும் உப்புதானே சார். ஒரு சொட்டுப் பட்டாலும் செதில் கருகணுமே?”

“கருகாது. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். கிளிஞ்சல் பொறுக்கற அம்மாக்கள் போட்டுப்பாங்களே, அது. கதையில அந்த அம்மாக்கள்தான் இமுகிக்குக் கொடுப்பாங்க.”

“ரப்பர் பூட்ஸ்…” தேசிக்கின் முகம் மெல்ல மாறியது. “போன வருஷம் ஒரு போட்டோ வெளிய வந்துச்சே, பூட்ஸ் போட்டுச் சேத்துல நிக்கற மாதிரி. ஷூட்டிங் இடைவேளைன்னாலும் இமுகியை அப்படி நிக்க வைக்கறதான்னு நாங்க…”

“இடைவேளை எங்க சார், அதான் காட்சியே: தண்ணி வத்தற வரைக்கும் காத்திருந்து, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, இமுகி சேத்துல நடந்தே தீவுக்குப் போகும், ‘எங்க இமுகிக்கு ரப்பர் பூட்ஸா’ன்னு உங்க சங்கம் அப்ப லாரி விட்டதும், பூட்ஸை மறைக்கத்தான் கம்ப்யூட்டர்ல அவ்வளவு கடலையும் ஊத்தினாங்க.”